சாக்கடை நீரைக் குடிநீராக்குதல்: தாமிரபரணிக் கரைக்கு எந்த வழி, எவ்வளவு ஆபத்து?

கழிவுநீரைச் சுத்திகரித்துக் குடிக்கலாம் என்று யாராவது பேச்செடுத்தால் திருநெல்வேலியில் உடனே வரும் பதில், "வற்றாத ஆறு ஓடுகிற ஊருக்கு அந்தத் தலையெழுத்து எதற்கு?" என்பதுதான். கொக்கிரகுளம் பாலத்தில் நின்று ஆற்றைப் பார்த்தால் அந்தப் பதில் நிற்காது. மாநகரின் வாறுகால்கள் (சாக்கடை ஓடைகள்) பாளையங்கால், நெல்லைக் கால்வாய், கோடகன் கால் ஆகியவற்றிலும், சில இடங்களில் நேராக ஆற்றிலும் விழுகின்றன. அதே படுகையில் கீழே மணப்படைவீட்டில் குடிநீர் உறைகிணறு இருக்கிறது. இன்னும் கீழே ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு, அதை நம்பிய ஊர்கள். கழிவுநீர் கலந்த தண்ணீரை இந்தப் பக்கம் ஏற்கெனவே குடித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஆகவே உண்மையான தேர்வு வேறு. திட்டமே இல்லாமல் குடிப்பதா, திட்டமிட்டுச் சுத்திகரித்துக் குடிப்பதா, கழிவுநீரை வேறு வேலைக்குத் திருப்பிவிட்டு ஆற்றுநீரை மட்டும் குடிப்பதா? திட்டமிட்டுக் குடிப்பதிலும் நேரடியாக, குளம் வழியாக, மண் வழியாக என்று மூன்று பாதைகள் உண்டு. கணக்குக்கு வசதியாக, ராமையன்பட்டி சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து நாளொன்றுக்கு 20 எம்.எல்.டி., அதாவது இரண்டு கோடி லிட்டர் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டு இந்த வழிகளை எடைபோடுகிறோம்.

எதைக் கொண்டு அளப்பது

கிருமி நீக்கத்தை "லாக்" என்ற கணக்கில் சொல்வார்கள். ஒரு லாக் என்றால் பத்தில் ஒன்பது கிருமி போயிற்று. இரண்டு லாக் என்றால் நூற்றில் 99. மூன்று என்றால் ஆயிரத்தில் 999. ஒரு லிட்டர் சாக்கடையில் குடலைத் தாக்கும் வைரஸ் ஒரு லட்சம் இருக்கும் என்று வைத்து, பத்தாயிரம் பேரில் ஆண்டுக்கு ஒருவருக்கு மேல் தொற்று வரக்கூடாது என்று கணக்குப் போட்டால் 12 லாக் தேவைப்படுகிறது. கலிபோர்னியாவில் நிலத்தடியில் செலுத்தி எடுக்கும் திட்டங்களுக்கு வைரஸுக்கு 12, குடலைத் தாக்கும் ஒட்டுண்ணிகளான ஜியார்டியாவுக்கு 10, கிரிப்டோஸ்போரிடியத்துக்கு 10 என்று விதி இருக்கிறது. 2023 டிசம்பரில் நேரடித் திட்டங்களுக்கு விதி வகுத்தபோது அவற்றை 20, 14, 15 என்று உயர்த்திவிட்டார்கள்.

காரணம் எளிய வகுத்தலில் தெரிந்துவிடும். 12 லாக் தரும் நிலையத்தில் ஒரு தடுப்பு பழுதாகி, ஒரே ஒரு நாள் 6 லாக் மட்டும் கிடைத்தது என்று வையுங்கள். அந்த நாளின் ஆபத்து சாதாரண நாளைவிடப் பத்து லட்சம் மடங்கு. பத்து லட்சத்தை 365-ஆல் வகுத்தால் சுமார் 2,700. ஒழுங்காக ஓடும் 2,700 ஆண்டுகளில் சேர வேண்டிய ஆபத்து ஒரே நாளில் வந்துவிடுகிறது. "ஆண்டுச் சராசரி நன்றாக இருக்கிறது" என்ற அறிக்கையை இந்த விஷயத்தில் நாங்கள் ஏற்பதில்லை. மோசமான அந்த ஒரு நாள் என்ன நடந்தது என்றுதான் கேட்க வேண்டும்.

அதனால் இரண்டாவது அளவுகோல் நேரம். பழுது ஏற்பட்ட கணத்துக்கும் அந்தத் தண்ணீர் வீட்டுக் குடத்தில் விழும் கணத்துக்கும் இடையே எவ்வளவு அவகாசம் இருக்கிறது? மலம் கலந்ததைக் காட்டும் ஈ.கோலி பாக்டீரியா சோதனையின் விடை தெரிய 18 முதல் 24 மணி நேரம் ஆகும். அவகாசம் அதைவிடக் குறைவானால், ஆய்வகம் முடிவு சொல்லும்போது தண்ணீர் குடித்து முடிந்திருக்கும். கீழே வரும் வழிகள் எல்லாம் பெருமளவு இந்த ஒரு விஷயத்தில்தான் வேறுபடுகின்றன.

இப்போது நடப்பது: ஆற்றில் விட்டு, கீழே எடுப்பது

இதற்குத் திட்டச் செலவு கிடையாது, அதனால் மலிவு போலத் தெரிகிறது. தடுப்புகள் என்னென்ன என்று எண்ணிப் பாருங்கள். ஆற்றில் கலக்கும்போது கிடைக்கும் நீர்ப்பு (கழிவின் செறிவு குறைதல்), உறைகிணற்றைச் சுற்றியுள்ள மணல், கடைசியில் குளோரின். அவ்வளவுதான். கோடையில் அணையிலிருந்து திறப்பு குறையும்போது நீர்ப்பு சுருங்கிவிடும். மணல் அள்ளிய இடங்களில் வடிகட்டும் படுகையின் ஆழமும் குறைந்துவிட்டது. எஞ்சுவது குளோரின்.

அந்தக் குளோரினைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். 25 விழுக்காடு குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் ஒரு கிலோவை ஒரு லட்சம் லிட்டர் மேல்நிலைத் தொட்டியில் கரைத்தால் லிட்டருக்கு 2.5 மில்லிகிராம் வரும். சுத்தமான ஆற்றுநீருக்கு அது தாராளம். ஆனால் சாக்கடை கலந்த நீரில் அம்மோனியா இருக்கும். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் இருந்தாலே, அதை முடித்துத் தனிக் குளோரின் (எதோடும் சேராமல் நிற்கும் குளோரின்) மிஞ்ச 8 முதல் 10 மில்லிகிராம் குளோரின் வேண்டும். நாம் போட்ட 2.5 மில்லிகிராம் முழுவதும் அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமின் ஆகிவிடும். 25 டிகிரி வெப்பத்தில் வைரஸை 4 லாக் குறைக்கத் தனிக் குளோரினுக்கு, செறிவை நிமிடத்தால் பெருக்கிய கணக்கில், 2 போதும். குளோரமினுக்கு அதே வேலைக்கு 497 தேவை. ஏறக்குறைய 250 மடங்கு வித்தியாசம்.

இதில் பெரிய கொடுமை, சோதனையே ஏமாற்றுவதுதான். டேங்க் ஆபரேட்டர் கையில் இருக்கும் ஆர்த்தோ டொலுடின் சொட்டு மருந்துக்குத் தனிக் குளோரினும் குளோரமினும் ஒன்றுதான், இரண்டுக்கும் மஞ்சளாகும். சொட்டு விட்டார், மஞ்சள் வந்தது, "குளோரின் இருக்கிறது" என்று பதிவேட்டில் எழுதினார். அவர் மேல் குற்றமே இல்லை. டி.பி.டி. மாத்திரை வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஒன்றாம் எண் மாத்திரை தனிக் குளோரினை மட்டும் காட்டும். அதோடு மூன்றாம் எண் மாத்திரையைச் சேர்த்தால் மொத்தக் குளோரின் தெரியும். இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் மேலே எங்கோ சாக்கடை கலக்கிறது என்று பொருள். ஆற்றோரக் கிராம ஊராட்சிகள் எந்தப் பெரிய திட்டத்துக்கும் காத்திராமல் நாளைக்கே மாற்றிக்கொள்ளக்கூடியது இது.

குளோரினுக்கே அசையாத கிருமியும் உண்டு. 1993-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் கிரிப்டோஸ்போரிடியம் வழக்கமான சுத்திகரிப்பைத் தாண்டி வந்து சுமார் நான்கு லட்சம் பேரை வயிற்றுப்போக்கில் தள்ளியது. நம் உறைகிணறுகளில் அதற்குத் தடை மணல் மட்டுமே. அவகாசம் என்று பார்த்தாலும், நகரின் வாறுகாலிலிருந்து கீழேயுள்ள கிணறுவரை ஆற்றோட்டம் சில மணி நேரம். இடையில் எச்சரிக்கை தரும் கருவி ஒன்றும் கிடையாது. ஐந்து வழிகளில் இதுதான் மிக ஆபத்தானது என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. மற்றவற்றைக் குறை சொல்லும்போது இதோடு ஒப்பிட்டே சொல்ல வேண்டும்.

நேரடி வழி: நிலையத்திலிருந்து குழாய்க்கு

நமீபியாவின் விண்ட்ஹூக் நகரம் 1968 முதல் இதைச் செய்துவருகிறது. 2002-ல் திறந்த புதிய நிலையத்தின் அளவு 21 எம்.எல்.டி.; நம் கணக்குக்கு மிக நெருக்கம். அங்கே ஆர்.ஓ. கிடையாது. ஓசோன், காற்றேற்ற மிதவைப் பிரிப்பு, மணல் வடிகட்டி, மீண்டும் ஓசோன், உயிர்க்கரி (பாக்டீரியா வளர்ந்த கரி வடிகட்டி), செறிகரி (கரைந்த பொருள்களை உறிஞ்சும் கரி), நுண்சவ்வு, குளோரின் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தடுப்புகள். தொழிற்சாலைக் கழிவை வீட்டுக் கழிவோடு சேர விடுவதில்லை. கிடைக்கும் நீரை வேறு ஆதாரங்களின் நீரோடு கலந்தே கொடுக்கிறார்கள். கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியும் சிங்கப்பூரும் பின்பற்றும் வரிசை வேறு: நுண்சவ்வு, ஆர்.ஓ., புறஊதா. ஆனால் ஆரஞ்சு கவுண்டி அந்த நீரை நிலத்தடியில் விடுகிறது. சிங்கப்பூர் பெரும்பகுதியைத் தொழிற்சாலைக்கும் ஒரு சிறு பங்கை நீர்த்தேக்கத்துக்கும் அனுப்புகிறது. பேச்சில் இரண்டையும் நேரடித் திட்டம் என்று சொல்லிவிடுகிறார்கள், அது சரியல்ல.

எங்கே உடையும்? நுண்சவ்வில் நடுவே துளையுள்ள ஆயிரக்கணக்கான பொள்ளல் நார்கள். ஒன்று அறுந்தாலும் வடிகட்டாத நீர் அதன் வழியே நேராகப் போகும். கலங்கல் மானி அதைக் காட்டாது. மற்ற நார்களின் தெளிந்த நீரில் அது கரைந்து மறைந்துவிடும். அதனால் நாள்தோறும் உற்பத்தியை நிறுத்தி, நாருக்குள் காற்றழுத்தம் ஏற்றி, ஐந்து நிமிடத்தில் எவ்வளவு அழுத்தம் இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். இறங்கினால் அந்தத் தொகுதியைக் கழற்றி, குமிழி வரும் நாரைக் கண்டுபிடித்து, ஊசி செருகி அடைக்க வேண்டும். நடைமுறையில் கெடுவது இப்படித்தான்: காற்று வால்வு லேசாகக் கசிந்தாலும் சோதனை தோற்கும், நாலு முறை "பொய்த் தோல்வி" வந்ததும் ஆபரேட்டர்கள் அந்தச் சோதனையையே நம்பாமல் விட்டுவிடுவார்கள்.

ஆர்.ஓ. குழலில் இரண்டு சவ்வுகளை இணைக்கும் இடத்தில் ஒரு ரப்பர் ஓ-வளையம் உண்டு. அது சுருண்டாலோ பிளந்தாலோ உப்புநீர் நல்ல நீரில் கலக்கும். உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறனை மொத்த நீரில் மட்டும் பார்த்தால் தெரியாது. ஒவ்வொரு குழலின் மாதிரிக் குழாயிலும் தனித்தனியே அளக்க வேண்டும். பக்கத்துக் குழல்கள் எல்லாம் 20 காட்டும்போது ஒன்று 80 காட்டினால், மெல்லிய பிளாஸ்டிக் குழாயை அதன் உள்ளே செலுத்தி, எந்த இடத்தில் எண் தாவுகிறது என்று பார்த்தால் எந்த வளையம் போயிற்று என்று தெரியும்.

முழு நல்ல நிலையிலுள்ள ஆர்.ஓ.வையே தாண்டும் பொருள்களும் உண்டு. மின்னூட்டமில்லாத சிறு மூலக்கூறுகள்: அசிட்டோன், 1,4-டையாக்சேன், என்.டி.எம்.ஏ. போன்றவை. ஒரு பட்டறையிலிருந்து 200 லிட்டர் அசிட்டோன் பேரல் ஒன்றை இரவில் ஆள்நுழைவுக் குழியில் ஊற்றினால் 158 கிலோ. அது 20 எம்.எல்.டி. நீரில் சமமாகக் கலந்தாலே லிட்டருக்கு 8 மில்லிகிராம். மூன்று மணி நேரத்துக்குள் மொத்தமாக வந்து சேர்ந்தால் 63. உயிரியல் தொட்டி ஓரளவு தின்னும். திடீர் அலையை முழுவதும் தின்னாது. அதனால் ஆர்.ஓ.வுக்குப் பின் கரிமக் கார்பன் மானி ஓயாமல் ஓட வேண்டும். அதைவிட முக்கியம் பேரல் குழிக்குள் போகாமல் காப்பது. செப்டிக் டேங்க் லாரிகள் கண்ட இடத்தில் மூடியைத் திறந்து கொட்டும் வழக்கம் நிற்காத ஊரில் நேரடித் திட்டத்தைப் பற்றிப் பேசவே கூடாது.

மூன்று தடுப்பும் நூற்றுக்கு 99 நாள் சரியாக ஓடினால், மூன்றும் ஒரே நாளில் தவறும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று என்று காகிதத்தில் காட்டுவார்கள். மூன்றுக்கும் ஒரே மின்கம்பியிலிருந்து கரண்ட் வருகிறது என்பதை அந்தக் கணக்கு மறந்துவிடுகிறது. மின்னழுத்தம் ஒரு நொடி சரிந்தால் புறஊதா விளக்கு அணையும். மறுபடி எரிந்து முழு வலு பெறச் சில நிமிடங்கள் ஆகும். அந்த நிமிடங்களில் பம்பு ஓடினால் நீர் புறஊதா படாமலே போகிறது. கரண்ட் போனால் ஸ்பிரிங் விசையால் தானே மூடிக்கொள்ளும் வால்வு கடைசியில் கட்டாயம் வேண்டும். "ஜெனரேட்டர் இருக்கிறது" என்பது அதற்குப் பதிலாகாது.

அவகாசத்தை விலைக்கு வாங்கவும் முடியும். 70 மீட்டருக்கு 70 மீட்டர், 4 மீட்டர் ஆழத் தொட்டி ஒன்று ஒரு நாள் உற்பத்தியைப் பிடிக்கும். அப்படி மூன்று கட்டினால் ஒன்று நிரம்பும், ஒன்று சோதனை முடிவுக்குக் காத்திருக்கும், ஒன்று ஊருக்குப் போகும். இந்த மூன்று தொட்டி இல்லாத நேரடித் திட்டத்துக்கு நாங்கள் சம்மதம் சொல்ல மாட்டோம்.

திருநெல்வேலிக்கு நேரடி ஆர்.ஓ. ஒத்துவராததற்குக் கிருமி முக்கியக் காரணமில்லை, உப்புதான் காரணம். 80 விழுக்காடு மீட்டால் 4 எம்.எல்.டி. கழிவு உப்புநீர் மிஞ்சும். உள்ளே வந்த உப்பைப்போல ஏறக்குறைய ஐந்து மடங்கு செறிவில். கடலோர ஊர் கடலில் விடும். இங்கே கடல் வெகு தூரம். நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகும் என்று கொண்டால் 4,000 கன மீட்டரை உலர்த்த 80 ஹெக்டேர், ஏறத்தாழ 200 ஏக்கர் பாத்தி தேவை. ஐப்பசி, கார்த்திகையில் அந்தப் பாத்தி மழைநீர் பிடிக்கும் குளமாகிவிடும். விண்ட்ஹூக் பாணியில் ஓசோனும் கரியும் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. தாமிரபரணி நீரில் இயற்கையிலேயே உப்பு குறைவு என்பதால் அந்தப் பாணி இங்கே யோசிக்கத்தக்கது. ஆனால் உப்பு நீங்காமல் ஒவ்வொரு சுற்றிலும் சேரும். ஆற்றுநீரோடு கலந்தே கொடுக்க முடியும். போர்வெல் உப்புநீர் சாக்கடையில் அதிகம் சேரும் பகுதிகளில் புரோமைடும் வரும். ஓசோன் பட்டால் அது புரோமேட் ஆகும். லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது.

குளம் வழி

"நம் ஊரில் இல்லாத குளமா? அதில் விட்டு எடுத்தால் இயற்கையே சுத்தம் செய்யும்" என்பார்கள். நெல்லையில் இந்த யோசனைக்குத்தான் ஆதரவு அதிகம். எங்களுக்கு மிகவும் தயக்கம் தருவதும் இதுதான்.

ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பு, 2 மீட்டர் ஆழம் உள்ள குளம் 20 லட்சம் கன மீட்டர் பிடிக்கும். நாளுக்கு 20,000 கன மீட்டர் விட்டால் 100 நாள் தங்கும் என்று வகுத்துச் சொல்வார்கள். தண்ணீர் அப்படி வரிசையில் நின்று போவதில்லை. காற்றடிக்கும் திசையில், ஆழமான ஓடை வாட்டத்தில், உள்வாயிலிலிருந்து வெளிவாயிலுக்குச் சில நாட்களிலேயே ஒரு பகுதி குறுக்கே பாய்ந்துவிடும். ஆடிக் காற்றில் இது இன்னும் மோசம். சாயப்பொருள் விட்டுச் சோதித்துப் பார்க்காமல் தங்கும் காலத்தை நம்பக்கூடாது.

கோடையில் நாளுக்கு 6 மில்லிமீட்டர் ஆவியானால் அந்தக் குளம் தினம் 6,000 கன மீட்டர் இழக்கும். விட்ட நீரில் பத்தில் மூன்று பங்கு வானத்துக்குப் போக, உப்பு மட்டும் தங்கும். 600 ஆக இருந்த டி.டி.எஸ். (கரைந்த உப்பின் அளவு) 850-ஐத் தாண்டும். நைட்ரஜனும் பாஸ்பரஸும் இருப்பதால் ஆகாயத்தாமரை மூடும். மூடாத இடத்தில் நீலப்பச்சைப் பாசி படரும். அந்தப் பாசியின் நச்சான மைக்ரோசிஸ்டினுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த வரம்பு லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம். கொதிக்க வைத்தாலும் அது போகாது.

சிங்கப்பூரின் நீர்த்தேக்கத்தில் கலக்கும் பங்கு சிறிது, அதோடு ஆர்.ஓ. முடிந்த நீர். இங்கே சித்திரை, வைகாசியில் பாசனக் குளத்தில் வேறு நீரே இருக்காது. அப்போது அது நீர்த்தேக்கமல்ல, சுத்திகரிப்பு நிலையத்தின் இன்னொரு தொட்டி. பெங்களூரு தன் இரண்டாம் நிலை நீரை 2018-ல் கோலார் ஏரிகளுக்கு அனுப்பத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே ஏரியில் நுரை பொங்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. பாபநாசம், மணிமுத்தாறு அணைகளில் கலந்தால் நீர்ப்பு கிடைக்குமே என்றால், ஊர்க் கழிவை மலையடிவாரம் வரை மேலேற்றி, மேலே உள்ள ஊர்களுக்கும் சேர்த்துக் குடிக்கக் கொடுப்பதாகும்.

மண் வழி

அவகாசம் என்ற அளவுகோலில் மண்ணுக்கு ஈடில்லை. நிலத்தடியில் தங்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு லாக் வைரஸ் நீக்கம் என்று கலிபோர்னியா ஏற்கிறது. ஆனால் சுவடுப்பொருள் விட்டு நேரில் சோதித்தால்தான் முழு மதிப்பு; வெறும் சூத்திரத்தில் கணக்கிட்டுக் காட்டினால் கால் பங்கு மதிப்புதான். அந்தக் கண்டிப்பு ஏன் என்பது நம் மாவட்டத்தின் பாறையைப் பார்த்தால் விளங்கும்.

பாளையங்கோட்டை, நாங்குநேரிப் பக்கம் அடியில் இருப்பது கடினப் பாறை. நீர் மணலில் ஊர்வதுபோல அங்கே ஊராது, வெடிப்பில் ஓடும். ஒரு கிணற்றுக்கு ஆறு மாதத்தில் போவது பக்கத்து போர்வெல்லுக்கு ஆறு நாளில் போய்விடும். இதன் உச்சம் திசையன்விளைக்கு அருகே ஆயன்குளத்தில் இருக்கிறது. 2021 மழையில் அங்கே ஒரு கிணறு வெள்ளத்தை வாரக்கணக்கில் உள்வாங்கியும் நிரம்பவில்லை. சென்னை ஐ.ஐ.டி. குழு வந்து ஆராய்ந்து, கீழே சுண்ணாம்புப் பாறைக் குகைகள் இருப்பதைச் சொன்னது. மழைவெள்ளத்தைச் சேமிக்க அது பெரிய வரம். கழிவுநீரை அதில் விடுவது மட்டும் கூடவே கூடாது. குகையில் வடிகட்டும் மணல் இல்லை. எந்த ஊர்க் கிணற்றில் எப்போது தலைகாட்டும் என்றும் சொல்ல முடியாது.

மணல் சரியாக அமைந்த இடத்தில் இந்த வழி நன்றாக வேலை செய்யும். தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் அருகே அட்லாண்டிஸ் என்ற ஊர் 1979 முதல் கடலோர மணலில் சுத்திகரித்த நீரை ஊறவிட்டு எடுத்துக் குடிக்கிறது. வீட்டுக் கழிவின் நல்ல நீர் உள்பக்கம். தொழிற்சாலை நீர் கடலோரத்தில் மட்டும், உப்பு ஏறாமல் தடுக்க. உவரி, குட்டம் பக்கத்து மணலில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஆனால் ராமையன்பட்டியிலிருந்து அவ்வளவு தூரம் குழாய் போட்டு, எடுத்த நீரைத் திரும்பக் கொண்டுவருவது நடக்கிற காரியமில்லை. அந்தக் கரையோர ஊர்களின் கழிவுக்கு அந்த மணல் என்றால் பொருந்தும்.

ஊறவிடும் பாத்தியைப் பற்றி ஒன்று. சில நாள் நீர் கட்டி, சில நாள் காயவிட வேண்டும். காயவிடாமல் தொடர்ந்து கட்டினால் மேல்மண்ணில் பாசிப்படலம் அடைத்து ஊறல் நின்றுவிடும். ஓய்வு நாட்களையும் சேர்த்து நாளுக்கு 30 சென்டிமீட்டர் ஊறினால் 20 எம்.எல்.டி.க்கு ஏழு ஹெக்டேர் போதும். நைட்ரேட்டை மண் நம்பகமாக நீக்காது. சாக்கடையில் லிட்டருக்கு 40 மில்லிகிராம் நைட்ரஜன் இருந்து, அது முழுதும் நைட்ரேட் ஆனால் 177 மில்லிகிராம். இந்தியக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500 அனுமதிப்பது 45, அதற்குமேல் தளர்வே கிடையாது. அதனால் மண்ணில் விடுமுன்பே நைட்ரஜன் நீக்கியாக வேண்டும்.

மாற்றிக் கொடுப்பது

கழிவுநீரை யாரும் குடிக்க வேண்டாம். தொழிற்சாலையும் வயலும் எடுக்கும் ஆற்றுநீருக்குப் பதிலாக இதைக் கொடுத்து, மிச்சமாகும் ஆற்றுநீரை ஊர் குடிக்கட்டும். சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா 45 எம்.எல்.டி. ஆர்.ஓ. நிலையங்கள் 2019 வாக்கில் இதற்காகவே வந்தன. அங்கிருந்து மணலி, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளுக்கு நீர் போகிறது. ராமையன்பட்டிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வாக்கில் கங்கைகொண்டான் சிப்காட் இருக்கிறது.

கடல்நீரை ஆர்.ஓ. செய்து கொண்டுவரலாமே என்போருக்கு: கன மீட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம், அதற்குமேல் உள்நாட்டுக்கு ஏற்றும் செலவு. கழிவுநீரை இதே உயர் தரத்துக்குக் கொண்டுவர 1 முதல் 1.5 யூனிட் போதும். குளிர்விப்புக் கோபுரத்துக்கு அதுகூட வேண்டியிருக்காது. மணல் வடிகட்டியும் மென்னீராக்கமும் பல இடங்களில் போதும். அங்கே கவனிக்க வேண்டியவை வேறு: அம்மோனியா செம்புக் குழாயை அரிக்கும், பாஸ்பேட் சுண்ணாம்போடு சேர்ந்து படியும், சிலிகா படிந்தால் எளிதில் போகாது. இவை தவறினால் எந்திரம் நிற்கும். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வராது. எங்கள் தீர்ப்பு இந்த வழிக்குச் சாய்வதற்கு அந்த ஒரு வித்தியாசமே காரணம்.

வயலுக்குக் கொடுத்தால், நெல்லுக்கு நாளுக்கு 12 மில்லிமீட்டர் என்று வைத்து, 20 எம்.எல்.டி. சுமார் 165 ஹெக்டேர் பாயும். நைட்ரஜன் உரச் செலவும் குறையும். ஆனால் அளவு மிஞ்சினால் பயிர் தழைத்துச் சாய்ந்துவிடும். குடற்புழு முட்டை லிட்டருக்கு ஒன்றுக்கு மேல் இருக்கக்கூடாது. பச்சையாகத் தின்னும் கீரை, வெள்ளரிக்குக் கூடாது. கார் சாகுபடிக்கு அணை திறக்குமா என்று ஆண்டுதோறும் ஏங்கும் விவசாயியிடம், "உங்கள் ஆற்றுநீர் உரிமையை விட்டுக்கொடுங்கள்" என்று கேட்பது சரியல்ல. கால்வாய்க்குத் தண்ணீர் வராத கடைமடைக்கு இதைக் கூடுதலாகக் கொடுப்பதுதான் நியாயமான தொடக்கம்.

இதற்கும் ஆபத்து உண்டு; அது குழாயில் இருக்கிறது. தொழிற்பேட்டைக்குள் இரண்டு குழாய் ஓடும்போது, பழுதுபார்க்க வந்த பிளம்பர் அவசரத்தில் ஒன்றை இன்னொன்றோடு இணைத்துவிடுவது உலகம் முழுதும் நடந்திருக்கிறது. மறுபயன்பாட்டு நீருக்கு ஊதா நிறக் குழாய், வேறு அளவுத் திருகு, குடிநீர்க் குழாயைவிடக் குறைந்த அழுத்தம். ஆண்டுக்கொரு முறை ஊதாக் குழாயை மூடி, எந்தக் குடிநீர்க் குழாயில் அழுத்தம் விழுகிறது என்று பார்க்க வேண்டும்.

எந்த வழிக்கும் முதலில் வேண்டியது

மேலே சொன்ன வழிகளில் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வருகிறது: அம்மோனியா. அது குளோரினைத் தின்கிறது, செம்பை அரிக்கிறது, நைட்ரேட்டாக மாறி மண்ணைத் தாண்டுகிறது, குளத்தில் பாசியை வளர்க்கிறது. எந்த வழியை ஊர் தேர்ந்தெடுத்தாலும், இன்னும் தேர்ந்தெடுக்கவே இல்லை என்றாலும், ராமையன்பட்டியிலிருந்து வெளியேறும் நீரில் அம்மோனியா நைட்ரஜனை லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குக் கீழே கொண்டுவருவதும், வாறுகால்களை நிலையத்துக்குத் திருப்புவதும்தான் முதல் வேலை. கீழே உள்ள ஊர்களின் குளோரின் அதனால் பலம் பெறும்.

அதில் தாமிரபரணிக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட் ஆக்க 4.57 மில்லிகிராம் ஆக்சிஜனும் 7.14 மில்லிகிராம் காரத்தன்மையும் (அமிலத்தைச் சமன்செய்யும் திறன்) செலவாகும். 40 மில்லிகிராமுக்கு 286 காரத்தன்மை. நம் ஆற்றுநீர் மென்னீர் என்பதால் சாக்கடையில் அவ்வளவு காரம் இருக்காது. பாதி வழியில் காரம் தீர்ந்து, அமிலத்தன்மை ஏறி, நைட்ரேட் ஆக்கும் பாக்டீரியா சோர்ந்துவிடும். காற்று போதவில்லை என்று நினைத்து, காற்றூதும் புளோவரை இன்னும் கூட்டினால் கரண்ட் பில்தான் ஏறும். சரியான மருந்து, காற்றேற்றும் தொட்டிக்கு முன் ஆக்சிஜனற்ற தொட்டி ஒன்றை வைத்து, நைட்ரேட் நீரை அங்கே திருப்பி விடுவது. அங்கே நைட்ரஜன் வாயுவாகப் பிரியும். ஒவ்வொரு மில்லிகிராமுக்கும் 3.57 காரம் திரும்பக் கிடைக்கும், 2.86 ஆக்சிஜனும் மிச்சமாகும். பிறகும் குறைந்தால் சுண்ணாம்பு. இரவில் மின்கட்டணம் மிச்சம் பிடிக்க புளோவரை நிறுத்தும் பழக்கம் இருந்தால் இது எதுவும் நிற்காது. அந்த பாக்டீரியா மெதுவாக வளர்வது. செத்துப்போனால் நம் வெப்பத்திலேயே மறுபடி நிலைக்க ஓரிரு வாரம் பிடிக்கும். அந்த வாரங்களில் போகும் அம்மோனியா எல்லாம் கீழே உள்ள ஊர்களின் குளோரினைத் தின்னும்.